பால்கனியில் காய்ந்த குடைத் துணி

அரசு ஆவணம் எதுவும் அலுவலகத்தை விட்டு வெளியே போகும்போது சிவப்புத் துணியில் சுற்றி, நாடாவால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு முத்திரை வைத்து, பொறுப்பான எழுத்தர் ஒருவர் கையில்தான் போக வேண்டும். திரும்பி வரும்வரை அது அவர் கண்ணை விட்டு விலகக் கூடாது. நடைமுறை நூல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. துணியின் நிறத்தைக்கூடச் சொல்கிறது. துணி இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லவில்லை.

என் சர்வீஸில் மெமோ வாங்கியதே இல்லை என்று சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் பெருமையடித்திருந்தேன். உறையூரிலிருந்து ஒரு வாசகர், "ஒன்றுகூடவா?" என்று கார்டு போட்டிருக்கிறார். விஷயம் தெரிந்தவர் போலிருக்கிறது. ஒன்று உண்டு.

பெரிய ஹோட்டல் ஒன்றில், பீங்கான் குளியல் தொட்டிக்குள் ஈரத் துண்டோடு நான் நின்றுகொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். தட்டினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கதவின் பித்தளைக் கைப்பிடி ஆடும் சத்தம் குளியலறை வரை கேட்டது. யாரோ என் அறை எண்ணைச் சொன்னார்கள். இன்னொரு குரல், "உள்ளதான் இருக்கான்" என்றது.

இருக்கான். அந்த விகுதியைக் கேட்டதும் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏன் அங்கே போனேன்

அறுபதுகளின் முற்பகுதி. திருச்சிக்குக் கிழக்கே பெரிய தொழிற்சாலை ஒன்று வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். இடம் பார்க்க டில்லியிலிருந்து அதிகாரிகளும், கூடவே வெளிநாட்டு எஞ்சினியர்கள் சிலரும் வந்தார்கள். கண்டோன்மென்ட்டில் அப்போது இருந்த பெரிய ஹோட்டலில் அவர்களுக்கு அறைகள். அதன் பெயரை எழுதப் போவதில்லை. உரிமையாளரின் பேரன்களில் இருவர் வக்கீல்கள்.

அவர்கள் எந்த நிமிஷம் கேட்டாலும் நில வரைபடங்களை எடுத்துக் கொடுக்க ஓர் எழுத்தர் அங்கேயே இரண்டு நாள் தங்க வேண்டும் என்று உத்தரவு. என் நிலையில் உள்ளவன் அந்த ஹோட்டலின் வாசற்படியில் நிற்பதற்குக்கூட விதியில் இடமில்லை. ஆனாலும் அதிகாரி என்னைத்தான் அனுப்பினார். காரணம், வரைபடங்களை எண் வரிசைப்படி ஒப்பிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். திறமை சில சமயம் தண்டனையாகத்தான் வந்து சேரும்.

அப்போது நான் டெம்பரவரி. டெம்பரவரியை வீட்டுக்கு அனுப்பக் காரணம் எழுத வேண்டியதில்லை. என் அடுத்த மேஜையில் நடேசன் என்று ஒருவர் இருந்தார். உப்பிலியபுரத்துக்காரர், என்னைப் போலவே டெம்பரவரி. ஐப்பசி பிறந்த வாரத்தில் அவருக்கு ஒரு காகிதம் வந்தது. தங்கள் சேவை இனித் தேவையில்லை என்று ஒரே வரி. ஏனென்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவர் நாற்காலியின் முதுகில் போட்டிருந்த துண்டை எடுக்க மறந்து போய்விட்டார். அதை எடுத்து வைக்க எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை. நான் தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் துண்டு தெரியும்.

சவரிமுத்து சாரின் குடை

சிவப்புத் துணி எங்கள் அலுவலகத்தில் தீர்ந்துபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு கெஜம் வேண்டும் என்று முறைப்படி சென்னைக்கு எழுதினோம். நினைவூட்டல் இரண்டு போயிற்று. பதில் இல்லை.

எங்கள் தலைமை எழுத்தர் சவரிமுத்து சார் புத்தூரில் குடியிருந்தார். மூக்குப்பொடி, வெள்ளைக் கோட்டு, முப்பத்து நான்கு வருஷ சர்வீஸ். அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் ஒரு சிவப்பு மை குறிப்புக்கூடக் கிடையாது. அடுத்த சித்திரையோடு ஓய்வு. அந்தப் புத்தகத்தை அப்படியே சுத்தமாக மூடிவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. மகன் பாதிரியாராகப் போனதைக்கூட அவர் இவ்வளவு பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் குடையை மாற்ற மாட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய கடைத்தெருவில் கொடுத்து, பழைய கம்பிக்கே புதுத் துணி போடுவார். கழற்றிய பழைய துணி வீணாகாது. மழைக்காலத்தில் ஃபைல் கட்டுகளைச் சுற்ற அதைவிட நல்லது இல்லை. தண்ணீர் இறங்காது. நான் கிளம்பிய அன்று காலையிலிருந்தே அடைமழை. தன் அலமாரியிலிருந்து அந்தக் கறுப்புத் துணியை எடுத்துக் கொடுத்தார்.

"மேப் நனைஞ்சுதுன்னா நீங்க திரும்பி வர வேணாம், ஐயங்கார். அப்படியே காவேரிப் பக்கம் போயிடுங்க."

அவருடைய வாழ்த்துகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

கம்பளத்தின் மேல்

குதிரை வண்டி போர்ட்டிகோவுக்குள் நுழையும்போதே தலைப்பாகைக்காரர் ஒருவர் ஓடி வந்து, பின்பக்கம் போகும்படி கை காட்டினார். உத்தரவைக் காட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மேனேஜரை அழைத்தார்.

மாடியில், சாலையைப் பார்த்த மூலை அறை. காலடியில் கம்பளம் சத்தத்தை விழுங்கியது. நான் நடப்பது எனக்கே கேட்கவில்லை. எங்கும் சோப்பும் பொரித்த முட்டையும் கலந்த ஒரு வாசனை. கட்டிலுக்கு மேலே கொசுவலை கோபுரம் போல் எழுந்து நின்றது. அதில் நான் படுக்கவில்லை. விரிப்பு கசங்கினால் யாரிடம் பதில் சொல்வது? தரையில் துண்டை விரித்து, வரைபடக் கட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டேன்.

வழக்கம்போல் செருப்பை அறைக்கு வெளியே விட்டிருந்தேன். சற்று நேரத்தில் பார்த்தால் காணோம். இந்த இடத்தில் செருப்பைத் திருடுபவன் யார் என்று யோசிப்பதற்குள், செருப்பு போட்டு வந்ததே குற்றமோ என்று பயம் வந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து, வெள்ளைக் கையுறை போட்ட வயதான பேரர் ஒருவர் அதைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பாலிஷ் போட்டிருந்தார்கள். நன்றி சொல்வதா மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. கோமளம், என் மனைவி, இரண்டு நாளைக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டிக் கொடுத்திருந்தாள். அந்த ஹோட்டலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு கூஜா தண்ணீரும் இருந்தது.

நான் செய்தது

இனி எழுதப்போவதை இதுவரை யாருக்கும் எழுத்தில் கொடுத்ததில்லை.

மறுநாள் காலை மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. வரைபடங்கள் காய்ந்த சருகு போல் இருந்தன. ஆனால் அவற்றைச் சுற்றி வந்த குடைத் துணி இன்னும் ஈரம். அதை உலர்த்தியாக வேண்டும். குளியலறையில் நல்ல நீளமான கம்பி ஒன்று இருந்தது. ஆனால் அதில் என் மடி வேஷ்டி தொங்கிக்கொண்டிருந்தது. குளித்ததும் சந்தியாவந்தனத்துக்குக் கட்ட வேண்டிய, வேறு யார் துணியும் படக் கூடாத வேஷ்டி.

சவரிமுத்து சாரின் குடைத் துணி அதன் பக்கத்தில் தொங்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது. கை தானாகவே அந்தத் துணியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் வளர்ந்த கை அது.

காற்று பலமாக வீசியது. துணி பறந்துவிட்டால் சவரிமுத்து சாருக்கு என்ன சொல்வது? அதனால் நல்ல எழுத்தர் செய்வதைச் செய்தேன். ஃபைல் நாடாவை எடுத்து, மேல் இரண்டு மூலைகளையும் பால்கனிக் கம்பியில் இறுக்கக் கட்டினேன். அவிழாத அலுவலக முடிச்சு. துணி சாலையைப் பார்த்துக் காற்றில் உப்பி, படபடவென்று அடித்துக்கொண்டது. திருப்தியோடு குளிக்கப் போனேன்.

டில்லி மந்திரிகள் வந்தால் சாலையோரம் கறுப்புக் கொடி காட்டும் காலம் அது. அன்று காலை அந்த எஞ்சினியர்களோடு பலகாரம் சாப்பிட டில்லி மந்திரி ஒருவர் அதே ஹோட்டலுக்கு வந்தார் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நான் டெம்பரவரி.

கம்பி எங்கே

கதவைத் திறந்தேன். ஒரு இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள்கள், அவர்களுக்குப் பின்னால் முகம் வெளுத்த மேனேஜர். என் இடுப்பில் துண்டு, நெற்றியில் எதுவும் இல்லை, தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கம்பளத்தில் விழுந்தது. அந்த நேரத்திலும் கம்பளத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேன் என்பது இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் நேரே பால்கனிக்குப் போனார். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை. அது அவர் கோபத்தைக் கூட்டியது. கான்ஸ்டபிளின் பேனாக்கத்தி வந்தது.

"எங்க வேல பாக்குறீரு?"

சொன்னேன்.

"கவர்மென்ட் சம்பளம் வாங்கிட்டு மந்திரிக்கே கறுப்புக் கொடி. எந்தக் கட்சி?"

கட்சி இல்லை, அது குடையில் போட்டிருந்த துணி, மழையில் நனைந்தது, காயப் போட்டேன் என்று ஏதோ உளறினேன். அவர் துணியை விரித்துப் பார்த்தார்.

"குடைன்னா கம்பி எங்கே?"

"கம்பிக்குப் புதுத் துணி போட்டாச்சு சார்."

"யாரு குடை?"

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். நடேசனின் துண்டு கண் முன்னால் வந்தது. சவரிமுத்து சாரின் பெயரைச் சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன். பதவியைச் சொன்னேன். புத்தூரில் எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதையும் சொன்னேன். தெருவை யாரும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஈர விரல், மை கசிந்தது. மந்திரி நிமிர்ந்து பார்த்தாரா இல்லையா என்பது இன்றுவரை எந்த ஆவணத்திலும் இல்லை.

அன்று மாலையே என்னை அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆடம்பர ஹோட்டலில் என் வாசம் ஒரு பகல், ஒரு இரவு, மறுபடி ஒரு பகல்.

வீட்டில் கோமளத்திடம் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. வேலை போய்விடுமா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "ஏன்னா, அதை உள்ள போடாம வெளில போட்டேளே, அது சரிதானே? அதுல என்ன தப்பு இருக்கு?" என்றாள். எனக்கு அதற்கு மேல் பேச யாரும் இல்லாமல் போயிற்று.

தபால்

மறுநாள் சவரிமுத்து சார் வரைபடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"நனையலை. துணி எங்கே?"

"போலீஸ் வச்சிருக்காங்க சார்."

அவர் பொடி டப்பாவைத் திறந்தார். நடந்ததை முழுதும் கேட்டார். அவர் பெயரைச் சொன்னதைத் தவிர மற்றதை எல்லாம் சொன்னேன்.

"அது சரி. ரூமுக்குள்ள இடமா இல்ல? ஏன் வெளியில போட்டீங்க?"

"காத்து வரட்டும்னு சார்."

அவர் பொடியை உறிஞ்சினார்.

ஒரு வாரம் கழித்துப் போலீஸ் கடிதம் வந்தது. காலைத் தபாலை உடைப்பது தலைமை எழுத்தர்தான். என் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உறையைக் கிழித்தார், படித்தார், பக்கத்தைத் திருப்பினார். என் வாக்குமூலத்தின் நகல் அதில் இருந்தது. தன் பெயரையும் தன் தெருவையும் என் வார்த்தைகளில் படித்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. தேதி முத்திரை குத்தினார், வரவுப் பதிவேட்டில் எண் கொடுத்தார், எழுந்து வந்து என் மேஜையில் வைத்தார்.

"உங்க செக்‌ஷன் பேப்பர். குறிப்பு எழுதி வைங்க."

அவரைக் காட்டிக்கொடுத்த காகிதத்துக்கு நானே குறிப்பு எழுத வேண்டும், அதை அவரிடமே வைக்க வேண்டும். நடைமுறைப்படி அதுதான் சரி.

கடிதத்தில், நடுவில் துளையுள்ள எண்கோண வடிவக் கறுப்புக் கொடி ஒன்று கைப்பற்றப்பட்டதாக இருந்தது. உலகத்தில் எந்தக் கட்சிக்கும் அப்படி ஒரு கொடி கிடையாது. சிரிக்க வேண்டிய இடம். எனக்கு எழுத்துக்கள் ஆடின.

கூடவே மேலிடத்திலிருந்து மெமோவும் வந்தது. என்னிடமும் அவரிடமும் விளக்கம் கேட்டிருந்தார்கள். காற்றோட்டத்துக்காக வெளியே உலர்த்தினேன் என்று எழுதினேன். சிவப்புத் துணி கேட்டு அனுப்பிய கடித நகல்களை இணைத்தேன். அவருடைய விளக்கம் மூன்றே வாக்கியம். மேற்படி துணி என்னுடையது. மழையிலிருந்து ஆவணங்களைக் காக்க நான்தான் அதைக் கொடுத்தேன். நனைந்தால் காற்றுப் படும் இடத்தில் உலர்த்தும்படி சொன்னதும் நான்தான்.

மூன்றாவது வாக்கியம் பொய். அப்படி அவர் சொல்லவே இல்லை. என் பொய்யை எடுத்துத் தன் கையெழுத்தின் கீழ் வைத்துக்கொண்டார்.

காத்திருந்தது

கார்த்திகை, மார்கழி, தை. பியூனின் செருப்புச் சத்தம் கேட்டாலே என் கை எழுதுவதை நிறுத்திவிடும். காக்கி உறை எதைக் கண்டாலும் முதலில் என் பெயரைத் தேடுவேன். வீட்டில் தூக்கத்தில் வரைபட எண்களைச் சொல்வதாகக் கோமளம் சொன்னாள். தாயார் சன்னதிக்கு என்ன வேண்டிக்கொண்டாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சித்திரை கடைசி நாள் வந்தது. விசாரணை முடியாததால் நன்னடத்தைச் சான்றில் அதிகாரி கையெழுத்துப் போட முடியவில்லை. சான்று இல்லாதவருக்கு அலுவலகத்தில் விருந்து வைப்பது முறையல்ல என்று யாரோ கிசுகிசுத்தார்கள். மாலை வாங்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு அவர் மேஜை இழுப்பறைச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"ஏதாவது வந்தா சொல்லி அனுப்புங்க" என்றார். குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

அதன் பிறகு எனக்கு என் வேலையைப் பற்றிய பயம் குறைந்து, வேறொரு பயம் வந்தது. பதில் வருவதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தூருக்குப் போய், ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டு வருவேன். அவர் மனைவி ஒவ்வொரு தடவையும் காபி கொண்டுவருவார். வயிறு சரியில்லை என்பேன். வாராவாரம் வயிறு சரியில்லாத ஒருவனைப் பற்றி அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ.

சிவப்புத் துணி வந்த விதம்

ஒருநாள் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. சிவப்புத் துணியில் சுற்றி, நாடாவால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைத்து, முழுக்க முழுக்க நடைமுறைப்படி. நாங்கள் கேட்ட இரண்டு கெஜமோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிரித்தால் உள்ளே குடைத் துணி. மேலே ஓர் உத்தரவு. இருவர் விளக்கமும் ஏற்கப்பட்டது, மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது, கைப்பற்றிய பொருள் உரியவரிடம் ஒப்படைக்கப்படலாம், இனி விதித்த துணியையே பயன்படுத்த வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் எந்தப் பதிவும் இல்லை. இரண்டு கெஜத்துக்குப் பதில் இன்றுவரை வரவில்லை.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் புத்தூருக்குப் போனேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உத்தரவை இரண்டு தடவை படித்தார். குறிப்பு எண் சரியா என்று பார்த்தார். துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். மூலையில் சான்றுப் பொருள் என்று ஓர் அட்டை தைத்திருந்தார்கள். அதைப் பிரிக்காமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டார். காபி வந்தது.

போய்விடலாம் என்றுதான் எழுந்தேன். கதவு வரை போய்த் திரும்பி வந்தேன்.

"சார், ஏன் வெளியில போட்டேன்னு அன்னைக்குக் கேட்டீங்க."

"காத்துக்குன்னீங்க."

"காத்துக்கு இல்ல சார். உள்ள என் மடி வேஷ்டி தொங்கிச்சு. இது பக்கத்துல இருக்க வேணாம்னு..."

அவர் மடியில் இருந்த துணியைப் பார்த்தார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அந்த அம்மாளும் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. ஹோட்டல் அறையின் கதவுக்குப் பின்னால் நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை.

"இதை விளக்கத்துல எழுதியிருந்தா அன்னைக்கே நம்பியிருப்பாங்களே, ஐயங்கார்" என்றார் சவரிமுத்து சார்.

சிரித்தாரா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. கையை நீட்டினார். புரியாமல் நின்றேன். பேனா கேட்டார். பொருளை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதை நான் மறந்திருந்தேன். அவர் மறக்கவில்லை. உத்தரவின் நகலில், பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார். காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். வயிறு சரியில்லை என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை. பிறகு கீழே தேதியை எழுதினார். அன்று ஆடி பதினெட்டு.